டாக் பாலிமரேஸை ஈ. கோலையில் தயாரிப்பது ஏன்?

டிஎன்ஏவைப் பிரதியெடுக்கும் டாக் பாலிமரேஸ் நொதி, வெந்நீரூற்றில் வாழும் தெர்மஸ் அக்வாடிகஸ் பாக்டீரியாவுக்கு உரியதாக இருக்க, ஆய்வகத்துக்கு வரும் குப்பியில் ஈ. கோலை என்னும் குடல் பாக்டீரியாவில் தயாரித்தது என்று குறிப்பிட்டிருப்பது ஏன் என்று கேட்டிருக்கிறீர்கள்.

முதன்மையான காரணம் விளைச்சல். தெர்மஸ் அக்வாடிகஸை ஏறத்தாழ 70 டிகிரி செல்சியஸில் வளர்க்க வேண்டும். அப்படி வளர்த்தாலும் அதன் செல்களில் இந்நொதி குறைவாகவே இருக்கும். அதன் மரபணுவைப் பிளாஸ்மிட் என்னும் சிறிய வளைய டிஎன்ஏவில் இணைத்து ஈ. கோலைக்குள் செலுத்திவிட்டால், 37 டிகிரியிலேயே செல்கள் விரைவாகப் பெருகி நொதியை ஏராளமாக உருவாக்கித் தருகின்றன.

தூய்மைப்படுத்தும் முறை இன்னும் அழகானது. உடைத்த செல்களின் கரைசலை 75 டிகிரியில் சுமார் ஒரு மணி நேரம் வைத்தால், ஈ. கோலையின் சொந்தப் புரதங்களில் பெரும்பாலானவை இயல்பு திரிந்து, வெண்மையாகத் திரண்டு, மையவிலக்கியில் சுழற்றியதும் குழாயின் அடியில் படிந்துவிடும். வெப்பம் தாங்கும் டாக், மேலே தெளிந்த நீர்மத்தில் செயல் குன்றாமல் தங்கியிருக்கும்.

ஒன்றை மட்டும் அவசியம் கவனியுங்கள். ஈ. கோலையின் டிஎன்ஏ மிகச் சிறிதளவு நொதியோடு சேர்ந்தே வரக்கூடும். எல்லா பாக்டீரியாக்களிலும் உள்ள 16எஸ் ஆர்ஆர்என்ஏ மரபணுவைப் பெருக்கும் சோதனையில் அது பொய்யான நேர்மறை முடிவைக் காட்டிவிடும் என்பதால், மாதிரி சேர்க்காத கட்டுப்பாட்டுக் குழாய் ஒன்றை ஒவ்வொரு முறையும் வைத்தே ஆக வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

நொதி 50 சதவீத கிளிசராலில் இருப்பதால் மைனஸ் 20 டிகிரியிலும் உறையாது. ஆனால் வினைக் கலவையில் சேர்க்கும்போது அடர்த்தி மிகுதியால் குழாயின் அடியில் தங்கிவிடும் என்பதால், பிப்பெட்டால் மெதுவாக உறிஞ்சிச் சேர்த்துவிட்டு நன்கு கலக்குங்கள்.