வான்கோழிப் போர்வை – கடிதம்

ஐயா, வணக்கம்.

பழங்கால வான்கோழி எலும்புகளைப் பற்றி நீங்கள் எழுதிய குறிப்பைப் படித்தேன். எலும்பைப் பார்த்து அது காட்டுப் பறவையா, வளர்ப்புப் பறவையா என்று எப்படிச் சொல்கிறார்கள்? நாலு எலும்பை வைத்துக்கொண்டு கதை கட்டுவதாகவே எனக்குப் படுகிறது. எப்படியும் கறிக்குத்தானே வளர்த்திருப்பார்கள், அதில் ஆராய என்ன இருக்கிறது? இன்னொன்று, மயிலைப் பார்த்து ஆடிய வான்கோழி நம் பழம்பாட்டிலேயே வருகிறதே? அம்மா தோட்டத்தில் வான்கோழி வளர்க்கிறார், அதனால் கேட்கிறேன்.

க.

அன்புள்ள க.,

பாட்டுக் கேள்வியை முதலில் முடித்துவிடுவோம். வான்கோழி அமெரிக்கக் கண்டத்துப் பறவை. ஸ்பானியர்கள் 16ஆம் நூற்றாண்டில் கொண்டுபோன பிறகுதான் அது கடல் தாண்டியது. 1612இல் கோவாவிலிருந்து ஒன்று வந்து சேர்ந்தபோது முகலாயப் பேரரசர் ஜஹாங்கீரே அதிசயித்துப்போய் தன் ஓவியர் மன்சூரைக் கொண்டு வரையவைத்தார். அதற்கெல்லாம் முந்தைய பாட்டில் இந்தப் பறவை இருக்க வழியில்லை. அவ்வளவுதான்.

'நாலு எலும்பு' என்று இளக்காரமாக எழுதியிருக்கிறீர்கள். குவாதமாலாவில் எல் மிராடோர் என்ற பழைய மாயா நாகரிக நகரத்தில் கிடைத்தவை விரல்விட்டு எண்ணக்கூடிய எலும்புகள்தான். ஆனால் அந்தக் காட்டின் சொந்தப் பறவை, வால் இறகில் மயில் போலக் கண்கள் உள்ள வேறொரு வான்கோழி இனம். கிடைத்தவற்றில் வடக்கே மெக்சிகோவில் வாழும் இனத்தின் எலும்புகள் இருந்தன. தொல்லியலாளர் எரின் தார்ன்டன் குழு 2012இல் பழைய டிஎன்ஏவையும் சேர்த்துப் பார்த்து இதை வெளியிட்டது. காலம் கி.மு. 300க்கும் கி.பி. 100க்கும் இடையில். தன் சொந்த நிலத்தை விட்டு அவ்வளவு தூரம் தெற்கே, யாரும் கொண்டுவராமல் அது எப்படி வந்திருக்கும்? பறந்தா? எண்ணிக்கையைப் பார்த்துச் சிரிக்காதீர்கள் தம்பி.

கறி விஷயத்தை மட்டும் என்னால் விட முடியவில்லை. உங்கள் கடிதம் வரும்போது நான் ஒரு போர்வையைப் பற்றித்தான் யோசித்துக்கொண்டிருந்தேன். அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில் பிளாண்டிங் என்ற சிற்றூரின் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. இன்றைய பியூப்லோ பழங்குடி மக்களின் முன்னோர் செய்தது, சுமார் 800 ஆண்டுப் பழமை. ஒரு மீட்டருக்குச் சற்றுக் கூடுதலான நீளம், ஒரு மீட்டருக்குச் சற்றுக் குறைவான அகலம். இந்தச் சின்னப் போர்வைக்குச் சுமார் 180 மீட்டர் யூக்காச் செடி நார்க் கயிறு திரித்து, அதன்மேல் ஏறத்தாழ 11,500 வான்கோழி இறகுகளைச் சுற்றியிருக்கிறார்கள். இறக்கையின் முரட்டு இறகு இல்லை, உடம்பில் இருக்கும் மென்னிறகு. தொல்லியலாளர் வில்லியம் லைப் குழு 2020இல் உட்கார்ந்து கணக்குப் போட்டது. ஒரு போர்வைக்கு 4 முதல் 10 பறவைகள் வேண்டும்.

பறவையை அறுத்தால் இறகு ஒருமுறைதான். உயிரோடு இருந்தால், இறகு உதிர்க்கும் பருவத்தில் அதற்கு வலிக்காமல் எடுக்கலாம். ஆண்டுக்குச் சில தடவை, அது கிழடாகும்வரை. பனி கொட்டும் மேட்டுநிலம் அது. பச்சைக்குழந்தையைச் சுற்றி வைக்கவும் அந்தப் போர்வைதான், இறந்தவரைப் போர்த்திப் புதைக்கவும் அதுதான். வான்கோழியையே முழுதாகப் புதைத்த குழிகளும் உண்டு. தின்னவில்லை, புதைத்தார்கள்! கறிக்கடையிலிருந்து பார்த்தால் இது எப்படித் தெரியும்?

என் ஆத்தா வீட்டில் கோழிகள் எப்போதும் உண்டு, கறி எப்போதாவதுதான். முட்டை சந்தைக்குப் போகும், சேவல் சாமிக்கு நேர்ந்துவிட்டது. கால் ஒடிந்த குஞ்சுக்கு ஈர்க்குச்சி வைத்து, மஞ்சள் தடவி, பழந்துணியால் சுற்றிக் கட்டுவாள். அது நொண்டியபடியே அடுப்படிக்குள் சுற்றி வரும், யார் விரட்டினாலும் திட்டு விழும். அமெரிக்கத் தென்மேற்கில் கிடைத்த வான்கோழி எலும்புகளிலும் முறிந்து பிறகு கூடியவை இருக்கின்றன. யாரோ தீனியும் தண்ணீரும் வைத்துப் பார்த்துக்கொண்டதாகவே நான் படிக்கிறேன். மக்காச்சோளம் தின்றதற்கு எச்சமே சாட்சி, பட்டியின் தரையில் அது காய்ந்து அப்படியே கிடக்கிறது. அம்மாவிடம் பேசியிருந்தால் 'கறிக்குத்தானே வளர்த்திருப்பார்கள்' என்று எனக்கு எழுதியிருக்க மாட்டீர்கள். நீங்கள் தோட்டத்துப் பக்கம் போவதே இல்லை என்று நினைக்கிறேன்.

சாப்பிடவே இல்லை என்று சொல்ல வரவில்லை. மானும் முயலும் வேட்டையில் குறைந்துபோன பிறகு, கி.பி. 1100, 1200களில் அந்த மக்களும் வான்கோழியை நிறையவே தின்றார்கள். அதற்குள் அது அவர்களோடு ஆயிரம் ஆண்டுக்கு மேல் வாழ்ந்துவிட்டது.

எலும்பை அளந்து காட்டுப் பறவையைப் பிரிப்பது எப்படி என்றல்லவா கேட்டிருந்தீர்கள்? அது நீளும். இன்னொரு நாள் எழுதுகிறேன். அம்மாவுக்கு என் வணக்கம்.