மறு: குழுவில் ரோட்பிளாக் இடத்தைப் போட்டால் அட்மினுக்கும் சிக்கலா?

தம்பி, கோலாலம்பூர் ஜாலான் அம்பாங்ல ரோட்பிளாக், அதாவது போலீஸ் சாலைத் தடுப்புச் சோதனைன்னு உங்க வாட்ஸ்அப் குழுவுல ஒருத்தர் போட்டுட்டார், அட்மின் நீங்களும் மாட்டுவீங்களான்னு கேட்டிருக்கீங்க. முதல் ஆபத்து போட்டவருக்குத்தான். மலேசியக் குற்றவியல் சட்டம் 186ஆவது பிரிவு: அரசு ஊழியர் கடமைக்கு இடையூறு. 2 ஆண்டு வரை சிறை, 10,000 ரிங்கிட் வரை அபராதம், இல்லேன்னா ரெண்டுமே.

அட்மின் நினைச்சா எல்லார் போன்லேர்ந்தும் அதை அழிக்கலாம், உடனே அழிச்சிடுங்க. வேற குழுவுக்கு அனுப்பிடாதீங்க. ரோட் டேக்ஸ் காலாவதியானவன் மட்டுமா தப்பிக்கிறான்? குடிச்சிட்டு ஓட்டுறவனும், திருட்டு மோட்டார்ல வர்றவனும் அதே மெசேஜைத்தான் படிக்கிறான். “ஜாம், வேற பாதையில போங்க”ன்னு போடுறது வேற கதை. “மாமா நிக்கிறார்”னு போலீசை மறைமுகமா சொல்லிப் போட்டா போலீசுக்குப் புரியாதாக்கும்! வாக்குமூலத்துக்குக் கூப்பிட்டா மட்டும் லாயரோட போங்க.