அடிக்கடி ஃப்ளைட்ல போறவங்களுக்கு ஏர்லைன் பாயிண்ட்ஸ்னால நெசமாவே லாபம் இருக்கா?

திருப்பூர்ல ஒரு பனியன் கம்பெனில மெர்ச்சண்டைசர் வேலைங்க, பதினோரு வருசமாச்சு. மாசத்துக்கு ரெண்டு தடவையாவது கோயமுத்தூர் பீளமேடு ஏர்போர்ட்டுக்கு போயிருவேன், டெல்லி, மும்பை, சென்னைன்னு, வருசத்துக்கு ஒண்ணு ரெண்டு தடவ வெளிநாடும் உண்டு. அதனால இந்தக் கேள்விக்கு பதில் சொல்ற அளவுக்கு அடி வாங்கியிருக்கனுங்க. பாயிண்ட்னா, நாம ஃப்ளைட்ல போகப் போக ஏர்லைன் நம்ம கணக்குல ஏத்தற புள்ளிங்க, சேத்தி வெச்சா அதக் குடுத்து டிக்கெட் எடுக்கலாம். லாபம் இருக்கு, ஆனா எல்லாரும் தேடற எடத்துல இல்ல.

முதல்ல என்ற கதைய சொல்லிடறேன். அய்யனையும் அம்மாவையும் காசிக்கு ஃப்ளைட்ல கூட்டிட்டுப் போகோணும்னு மூணு வருசம் ஒரே ஏர்லைன்லயே பாயிண்ட் சேத்துனேன். எந்த ஏர்லைன்னு வேண்டாம் விடுங்க. வேற கம்பெனில டிக்கெட் ஐநூறு ஆயிரம் கம்மியா இருந்தாலும் அதுல போகாம, நேரா போற ஃப்ளைட்ட விட்டுப்போட்டு பெங்களூர் சுத்திக்கிட்டு போயி, அங்க மூணு மணி நேரம் உக்காந்து நூத்தம்பது ரூவாய்க்கு ஒரு டீயும் குடிச்சு சேத்துன பாயிண்ட்டுங்க அது. அய்யன் வேற பக்கத்து தோட்டத்துக்காரங்ககிட்டயெல்லாம் பையன் ஓசி டிக்கெட் போடறான்னு சொல்லி வெச்சுட்டாரு. கடைசில தேதி பாத்து லாகின் பண்ணுனா, ஒரு டிக்கெட்டுக்கு போன மாசம் கேட்ட பாயிண்ட் இப்ப ஒண்ணரை மடங்காயிருக்கு. அதுக்கு முந்தியே ஒரு மெயில் வந்திருக்கு, என்னமோ திட்டத்த மேம்படுத்தறாங்களாமா, நாந்தான் படிக்கல. வரியும் ஏர்போர்ட் சார்ஜும் தனியா கையில இருந்து குடுக்கோணும். ரெண்டு பேருக்குப் பத்தல, அம்மாவுக்கு பாயிண்ட்ல போட்டு அய்யனுக்கு காசு குடுத்து எடுத்தேன். "அவளுக்கு ஓசி, எனக்கு மட்டும் எதுக்குடா காசு"ன்னு இன்னைக்கும் கேக்கறாரு.

அப்பறந்தான் இது எப்படி ஓடுதுன்னு சித்தெ படிச்சுப் பாத்தேன். 1981ல அமெரிக்கன் ஏர்லைன்ஸ் அட்வான்டேஜ்னு ஒரு பாயிண்ட் திட்டத்த ஆரம்பிச்சப்ப, இத்தன மைல் பறந்தா இத்தன மைல்னு கணக்கு. இப்ப முக்காவாசி ஏர்லைன்ல எவ்வளவு தூரம் போனீங்கன்னு பாக்கறதில்ல, எவ்வளவு காசு குடுத்தீங்கன்னுதான் பாக்கறாங்க. அது போக பேங்க்காரங்க ஏர்லைன்கிட்ட பாயிண்ட்ட மொத்தமா காசுக்கு வாங்கி நம்ம கிரெடிட் கார்டுக்கு சில்லறையா குடுக்கறாங்க, அதுல நெம்ப காசு. கொரோனா சமயத்துல பிளேன் எல்லாம் சும்மா நின்னப்ப, 2020ல, யுனைடட் ஏர்லைன்ஸ் அதோட மைலேஜ்பிளஸ் திட்டத்த ஈடு காட்டி 680 கோடி டாலர் கடன் வாங்குச்சுங்க. நம்ம ஊர்ல பூமி பத்திரத்த அடமானம் வெக்கற மாதிரி பாயிண்ட் கணக்க வெச்சிருக்காங்க! அவங்களுக்கு அது பூமி. நமக்கு அது ரேட்டு அவங்க இஷ்டத்துக்கு மாத்தற டோக்கன், அவ்வளவுதான்.

கம்பெனியே மூடிட்டாலும் ஒவ்வொரு தடவையும் ஒவ்வொரு கதைங்க. 2019 ஏப்ரல்ல ஜெட் ஏர்வேஸ் நின்னப்ப, அவங்க பாயிண்ட் திட்டம் ஜெட்பிரிவிலேஜ் தனி கம்பெனிங்கறதால பாயிண்ட் பொழச்சுது, டிக்கெட் எடுத்தவங்கதான் ரீஃபண்டுக்கு அலைஞ்சாங்க. 2024 நவம்பர்ல விஸ்தாரா ஏர் இந்தியாவோட ஒட்டுக்கா சேந்தப்ப கிளப் விஸ்தாரா பாயிண்ட் ஒண்ணுக்கு ஒண்ணுன்னு ஏர் இந்தியாவோட மகாராஜா கிளப் திட்டத்துக்கு மாறிருச்சு. ஒவ்வொரு தடவையும் இப்படி நடக்கும்னு நம்பி உக்கார முடியாதுங்க, ஈமு கோழில காசு போட்ட ஊருங்க நம்மளது.

இனிசியல் பிரச்சனை ஒண்ணு இருக்கு, இத நம்மாளுகளுக்கு மட்டும் சொல்றேன். பாஸ்போர்ட்ல அய்யன் பேரு கடைசில விரிச்சு இருக்கும், பாயிண்ட் அக்கவுண்ட்ல வெறும் இனிசியல், ஆபீஸ்ல டிக்கெட் போடற பொண்ணு பேர முன்னப் பின்ன மாத்தி அடிச்சிருக்கும். பேரு ஒத்துப் போகலைன்னா பாயிண்ட் ஏறாது. எனக்கு ஒரு வருசம் முச்சூடும் ஏறல. போர்டிங் பாஸ தூக்கிப் போடாம வெச்சிருந்ததால அப்பறமா கிளெய்ம் பண்ணி பாதி வாங்குனேன், மீதிக்கு நாள் கடந்துபோச்சுன்னுட்டாங்க.

நெசமான லாபம்னா என் கணக்குல கிலோதான். உள்ளூர் ஃப்ளைட்ல எகானமிக்கு பொதுவா 15 கிலோ செக்இன், 7 கிலோ கையில. சாம்பிள் பேக் எப்பவும் பத்தொம்பது இருவதுல நிக்கும், கிலோவுக்கு ஐநூறுக்கு மேல கேப்பாங்க. ஒரு தடவ கவுண்டர் முன்னாடியே பேக்க பிரிச்சு நாலு டீ சர்ட்ட ஒண்ணு மேல ஒண்ணா போட்டுட்டுப் போனேன், செக்யூரிட்டில இருந்தவரு சிரிச்சுட்டாரு. அடிக்கடி போறவங்களுக்கு ஏர்லைன் குடுக்கற மெம்பர் கார்டு சில்வர் படிக்கு ஏறுனப்பறம் அந்த கூடுதல் கிலோ சும்மா கெடைக்குது. வருசக் கணக்கா பாத்தா ஓசி டிக்கெட்ட விட இதுதான் பெருசு.

ஆனா அந்த சில்வர் கார்டு ஒரு நாள் ஒண்ணுக்கும் ஆகல. சென்னைல ராத்திரி கடைசி ஃப்ளைட்டு, கன்ஃபர்ம் டிக்கெட் வெச்சுட்டு நேரத்துக்கே போயிட்டேன், ஃபுல்லாயிருச்சு சார், காலைல முதல் ஃப்ளைட்ல ஏத்தி விடறோம்னு கவுண்டர்ல சொல்றாங்க. கார்ட காட்டுனேன், தம்பி பாத்துட்டு திருப்பிக் குடுத்துட்டாரு. பொறவு ஃபோன்ல டிஜிசிஏ, அதாவது ஏர்லைன்களுக்கு ரூல் போடற அரசாங்க ஆபீஸ், அவங்க ரூல எடுத்தேன். இருக்கற சீட்ட விட அதிகமா டிக்கெட் வித்து, வர்றேன்னு நிக்கற ஆள ஏத்தாம விட்டா, மொதல்ல தானா எறங்கிக்க யாராவது இருக்காங்களான்னு கேக்கோணும். அப்பறம் ஒரு மணி நேரத்துக்குள்ள வேற ஃப்ளைட் குடுத்தா நஷ்ட ஈடு இல்ல, 24 மணி நேரத்துக்குள்ளன்னா அடிப்படைக் கட்டணமும் ஃபியூயல் சார்ஜும் சேத்து அதுல ரெண்டு மடங்கு, அதிகபட்சம் 10,000 ரூவா, அதுக்கும் மேல போனா நாலு மடங்கு, 20,000 வரைக்கும். என்ற டிக்கெட்ல அது 2,900 சொச்சம். வவுச்சர் தர்றோம் சார்னாங்க. நான் எழுதிக் கையெழுத்துப் போட்டாத்தான் வவுச்சர், இல்லீன்னா காசா குடுங்கன்னு நின்னேன். அரை மணி நேரம் உள்ள போயி போயி வந்துட்டு, ஆறாயிரத்துக்கு சித்தெ கம்மி, பேங்க்ல போடறோம்னு எழுதிக் குடுத்தாங்க, தங்க ரூமும் போட்டாங்க.

ரூம் கூப்பன்ல கையெழுத்து வாங்கறப்ப அந்த தம்பி மெதுவா கேட்டாரு, "சார் வக்கீலுங்களா?"

"இல்லீங்க தம்பி, பனியன் கம்பெனி."