மூன்று நான்ஸ்டிக்கும் உரிந்துவிட்டன, இனி எதை வாங்குவது?

கேள்வி (மதுரை வாசகி): வீட்டில் நான்கு பேர். கேஸ் அடுப்பு. தோசைக்கு இரும்புக்கல் இருக்கிறது. மீன் வறுவல், உருளைக்கிழங்கு வறுவல், ஆம்லெட் இதற்கெல்லாம் நான்ஸ்டிக் ஃப்ரை பேன்தான். இதுவரை மூன்று வாங்கியாயிற்று. மூன்றும் நடுவில் உரிந்துவிட்டன. விலை கூடியதாக வாங்கினால் நீடித்து உழைக்குமா? இல்லை, வேறு ஏதாவதற்கு மாறிவிடலாமா?

பதில்: மாறிவிடுங்கள். விலை கூடிய நான்ஸ்டிக் இன்னும் கொஞ்ச நாள் தாங்கும், அவ்வளவுதான். அந்தப் பூச்சு செருப்பின் அடிப்பாகம் மாதிரி, தேய்வதற்கென்றே இருப்பது. எவ்வளவு பார்த்துப் பார்த்துப் புழங்கினாலும் ஒருநாள் மாற்றித்தான் ஆகவேண்டும். கடைக்காரர் 'ஐந்து லேயர் கோட்டிங்' என்பார். 'கிரானைட்', 'ஸ்டோன்' என்று புள்ளி புள்ளியாக வருவதைக் காட்டுவார். அவற்றில் பெரும்பாலானவை அதே டெஃப்லான் வகைப் பூச்சுதான், மேலே புள்ளி வைத்திருக்கிறார்கள். செராமிக் பூச்சு வேறு வகை, சூட்டை நன்றாகத் தாங்கும். ஆனால் ஒட்டாத தன்மை டெஃப்லானைவிடச் சீக்கிரமாகப் போய்விடும்.

மூன்றும் நடுவில் உரிந்தன என்கிறீர்கள். கரண்டி அதிகம் உரசுகிற இடம் அதுதான். அதோடு நம் சமையல் பழக்கமும் சேர்ந்துகொள்கிறது. பாத்திரத்தை வெறுமனே முழுத் தீயில் வைத்துவிட்டு வெங்காயம் நறுக்கப் போவோம். டெஃப்லான் 260 டிகிரி செல்சியஸுக்கு மேல் கெடத் தொடங்கும். மெல்லிய அலுமினியப் பேன் காலியாகப் பெரிய பர்னரில் இருந்தால் அந்தச் சூட்டைத் தொட சில நிமிடங்களே போதும். அப்புறம் எவர்சில்வர் கரண்டி, கம்பி நார். எந்தக் கம்பெனிப் பூச்சாக இருந்தாலும் இதற்கு ஈடுகொடுக்காது.

உங்களுக்கு என் சிபாரிசு இரும்பு. தோசைக்கல்லைப் பழக்கி வைத்திருக்கும் வீட்டுக்கு இரும்பு ஃப்ரை பேன் ஒரு புது வித்தையே இல்லை. அதே பராமரிப்புதான், விளிம்பு மட்டும் கொஞ்சம் உயரம். நான்கு பேருக்கு 25 அல்லது 26 செ.மீ. அகலம் சரியாக இருக்கும். அதைவிடப் பெரிதாக வாங்கினால் வீட்டு பர்னரில் நடு மட்டும் காயும், ஓரம் ஆறிக் கிடக்கும்.

இரும்பில் மீன் ஒட்டுமே என்ற பயம் பலருக்கு உண்டு. ஒட்டுவதற்குப் பாதிக் காரணம் அவசரம். மசாலா தடவிய வஞ்சிரத் துண்டை ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்து நேராகப் போடாதீர்கள். கால் மணி நேரம் வெளியே வைத்து, கசிந்திருக்கும் தண்ணீரை வடித்துவிடுங்கள். பேனை மிதமான தீயில் நன்றாகக் காயவிட்டு, பிறகு எண்ணெய் ஊற்றுங்கள். எண்ணெய் தண்ணீர் மாதிரி இளகி ஓடும்போது மீனை வைக்கலாம். வைத்ததும் அது ஒட்டத்தான் செய்யும். தோசைத் திருப்பியால் கிளறினால் தோல் பாத்திரத்தோடு தங்கிவிடும். சும்மா விடுங்கள். அடிப்பக்க மசாலா முறுகி ஓரம் கருஞ்சிவப்பானதும் துண்டு தானாகவே விட்டுக்கொடுக்கும். பேனை லேசாக ஆட்டினால் மீன் நகர வேண்டும். நகர்ந்தால் திருப்புங்கள், இல்லையென்றால் இன்னும் ஒரு நிமிடம் பொறுங்கள்.

கனமான இரும்பு இங்கேதான் கைகொடுக்கிறது. அலுமினியம் சூட்டை வேகமாகப் பரப்பும், இரும்பு அந்த அளவுக்குப் பரப்பாது. ஆனால் கனத்தினால் சூட்டைப் பிடித்து வைத்துக்கொள்ளும். குளிர்ந்த மீன் நாலு துண்டு விழுந்ததும் மெல்லிய பேன் சட்டென்று ஆறிப்போய், மீன் தண்ணீர் விட்டு, வறுவல் அவியலாகிவிடும். கனத்த இரும்பு அவ்வளவு சீக்கிரம் ஆறாது.

ஆம்லெட் முதல் நாளே வழுக்கிக்கொண்டு வராது. ஒரு மாதமாவது உருளைக்கிழங்கு, வெண்டைக்காய், மீன் என்று வறுத்துப் பழக்கிய பிறகுதான் முட்டையைக் கொடுக்க வேண்டும். பள்ளிக்கு ஓடுகிற பிள்ளைகளுக்குக் காலையில் முட்டை வேண்டுமென்றால், 20 செ.மீ. அளவில் விலை குறைந்த நான்ஸ்டிக் ஒன்றை முட்டைக்கென்று மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். சிறு தீ, மரக் கரண்டி, ஸ்பாஞ்ச். உரிந்தால் தூக்கிப் போடுங்கள். பெரிய விலை கொடுத்து வாங்க வேண்டிய சாமான் அது இல்லை.

கேள்வி (திருச்சி): உரிந்த பூச்சு சாப்பாட்டில் கலந்து வயிற்றுக்குள் போனால் ஆபத்தா? 'பி.எஃப்.ஓ.ஏ. இல்லாதது' என்று போட்டிருந்தால் நம்பி வாங்கலாமா?

பதில்: அந்தத் துணுக்கு வயிற்றில் கரையாது, வந்த வழியே போய்விடும். பயப்பட வேண்டியது துணுக்கைவிட அதிகச் சூட்டுக்குத்தான். பூச்சு கருகும் அளவுக்குச் சூடேறினால் வரும் புகை, அடைத்த சமையலறையில் நிற்பவருக்குக் காய்ச்சல் மாதிரி உடம்பு நோகச் செய்யும். கூண்டில் லவ் பேர்ட்ஸ், கிளி வளர்ப்பவர்கள் இன்னும் கவனமாக இருக்க வேண்டும், அந்தப் புகை பறவைகளைக் கொன்றுவிடும். பூச்சு தேய்ந்த நான்ஸ்டிக்கைப் புழங்கவேண்டாம் என்று இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் (ஐ.சி.எம்.ஆர்.) 2024இல் வெளியிட்ட உணவு வழிகாட்டியும் சொல்கிறது.

பி.எஃப்.ஓ.ஏ. என்பது பூச்சுப் பொருளைத் தயாரிக்கும்போது பயன்படுத்திவந்த ரசாயனம். உடல்நலக் காரணங்களுக்காக நச்சு ரசாயனங்களைக் கட்டுப்படுத்தும் சர்வதேச ஸ்டாக்ஹோம் ஒப்பந்தத்தின் பட்டியலில் 2019இல் அதைச் சேர்த்தார்கள். அது இல்லை என்று அட்டையில் எழுதியிருப்பதால் பூச்சே டெஃப்லான் இல்லை என்று ஆகிவிடாது. பூச்சு நீடித்து உழைக்கும் என்றும் அதற்கு அர்த்தமில்லை.

கேள்வி (கோயம்புத்தூர்): இரும்பு பேன் வாங்கக் கடைக்குப் போனால் வார்ப்பிரும்பு ஒன்று, தகட்டிரும்பு ஒன்று, 'ப்ரீ-சீசன்ட்' ஒன்று என்று அடுக்குகிறார்கள். எதைப் பார்த்து வாங்குவது?

பதில்: பம்ப்செட்டுக்கு வார்க்கிற ஊரிலிருந்து வார்ப்பிரும்பைப் பற்றிக் கேட்கிறீர்கள்! வார்ப்பிரும்பு அச்சில் ஊற்றிச் செய்வது. கனமாக, லேசாகச் சொரசொரப்பாக இருக்கும், சூட்டை நன்றாகத் தாங்கும். ஆனால் கீழே விழுந்தால் உடையும். சூடாக இருக்கும்போது பச்சைத்தண்ணீர் ஊற்றினால் விரிசல் விடலாம். தகட்டிரும்பைக் கார்பன் ஸ்டீல் என்றும் விற்பார்கள். தகட்டை அழுத்திச் செய்வது அது. எடை குறைவு, வழவழப்பு, உடையாது. ஆனால் மெல்லியதாக இருந்தால் அதிகத் தீயில் அடி வளைந்துவிடும். 2 மி.மீ.க்குக் குறைந்த தகடு வேண்டாம்.

கடையிலேயே சில சோதனைகள் செய்யலாம். பேனைக் கண்ணாடி மேசைமேல் வைத்து ஓரத்தை விரலால் அழுத்துங்கள். ஆடினால் வேண்டாம், இன்டக்‌ஷனில் அது உதவாது. உள்பக்கத்தை உள்ளங்கையால் தடவிப் பாருங்கள். சீரான சொரசொரப்பு பழகப் பழகச் சரியாகும். ஊசி முனை மாதிரி குழிகள் இருந்தால் சரியாகாது, வேறு எடுக்கச் சொல்லுங்கள். தகட்டிரும்பு என்றால் கைப்பிடியைப் பிடித்து ஆட்டிப் பாருங்கள். ரிவெட் அடித்தது நல்லது. ஸ்க்ரூ போட்ட பிளாஸ்டிக் பிடி முதலில் கழன்று வரும். வார்ப்பிரும்பில் பிடியும் பேனும் ஒரே வார்ப்பாக இருந்தால் அந்தக் கவலையே இல்லை, துணி வைத்துப் பிடிக்க வேண்டும், அவ்வளவுதான்.

கறுப்பாகப் பளபளவென்று பெயின்ட் அடித்த மாதிரி இருந்தால் என்ன பூச்சு என்று கேளுங்கள். பதில் தெளிவாக இல்லையென்றால் அடுத்த கடை பாருங்கள். ப்ரீ-சீசன்ட் என்பது எண்ணெய் தடவிச் சுட்டு ஓரளவு பழக்கியே விற்பது. அதற்குக் கொஞ்சம் கூடுதல் விலை கொடுக்கலாம். ஆனால் வீட்டில் மேலும் பழக்காமல் அதிலும் முட்டை வழுக்காது.

கேள்வி (நாகர்கோவில்): புது இரும்புப் பேனில் தேங்காய் எண்ணெய் தடவித் தடவி வைக்கிறேன். பிசுபிசுப்பாக இருக்கிறதே தவிர பழகவில்லை. ஒரு நாள் ஊறப்போட்டதில் துருவும் பிடித்துவிட்டது. தூக்கிப் போட்டுவிடவா?

பதில்: வேண்டவே வேண்டாம். இரும்புக்குத் துரு ஒரு பெரிய வியாதி இல்லை. கம்பி நாரால் துரு போகும்வரை தேய்த்து, கழுவி, அடுப்பில் வைத்து ஈரம் முழுக்கப் போகக் காயவிடுங்கள்.

பழகாததற்குக் காரணம் உங்கள் ஊர் எண்ணெய்தான். பழக்குதல் என்று நாம் சொல்வது, எண்ணெய் சூட்டில் இறுகி இரும்போடு படலமாகப் பிடித்துக்கொள்வது. சூரியகாந்தி, நல்லெண்ணெய், தவிட்டெண்ணெய் இவையெல்லாம் அப்படி இறுகும். தேங்காய் எண்ணெயில் பெரும்பகுதி நிறைகொழுப்பு, அது லேசில் இறுகாது. சமையலுக்குத் தாராளமாக ஊற்றுங்கள், பழக்குவதற்கு வேண்டாம்.

நல்லெண்ணெய் இரண்டு சொட்டு விட்டு, பழைய பருத்தித் துணியால் உள்ளும் புறமும் தேயுங்கள். அப்புறம் சுத்தமான துணியை எடுத்து, தடவியதே தெரியாத அளவுக்குத் துடைத்துவிடுங்கள். பிசுபிசுப்பு வருவது எண்ணெய் கூடிப்போவதால்தான். ஜன்னலைத் திறந்து வைத்து, புகை வரும்வரை காய்ச்சி, புகை அடங்கியதும் ஆறவிடுங்கள். இதையே மூன்று நான்கு தடவை செய்தால் சாம்பல் நிறம் மாறிப் பழுப்பாகி, பிறகு கறுக்கும். வடிகஞ்சியில் ஊறவைத்து, வெங்காயத்தை வெட்டி எண்ணெயில் தேய்க்கும் பாட்டி வழியும் தொடக்கத்துக்கு நல்லதுதான். புதுப் பேனின் எண்ணெய் மசகும் இரும்புத் துகளும் அதில் போய்விடும்.

பிறகு ஒரே விதி, ஈரத்தோடு விடாதீர்கள். பாத்திரம் கழுவும் சோப்பு கொஞ்சம் பட்டால் ஒன்றும் ஆகாது. ஊறப்போட்டால்தான் வினை. புளிக்குழம்பு, தக்காளித் தொக்கு இதில் வேண்டாம். பழக்கிய படலத்தைப் புளிப்பு அரித்துவிடும், குழம்பும் கறுத்து இரும்பு வாடை அடிக்கும்.

கேள்வி (சென்னை): இன்டக்‌ஷன் அடுப்பு. ட்ரை-ப்ளை (மூன்றடுக்கு எவர்சில்வர் பேன்) வாங்கச் சொல்கிறார்கள். கடைக்காரர் காந்தம் வைத்துக் காட்டி, 'உள்ளே ஒட்டவில்லை, 304 கிரேடு, அசல்' என்கிறார். நம்பலாமா?

பதில்: அந்தக் காந்தச் சோதனை பாதி வித்தை. 304 எவர்சில்வரில் காந்தம் ஒட்டாது, சரி. விலை குறைந்த 202 கிரேடிலும் ஒட்டாது. ஆகவே ஒட்டவில்லை என்பதை வைத்து 304 என்று சொல்லிவிட முடியாது. பாத்திரத்தில் கிரேடு முத்திரை இருக்கிறதா பாருங்கள், பில்லிலும் '304' என்று எழுதித் தரச் சொல்லுங்கள். எழுதித் தர யோசிக்கும் கடையில் வாங்காதீர்கள். எவர்சில்வர், அலுமினியப் பாத்திரங்களுக்கு ஐ.எஸ்.ஐ. முத்திரை வேண்டும் என்று மத்திய அரசு 2024இல் ஆணை போட்டது. எவர்சில்வருக்கான தர எண் ஐ.எஸ். 14756, அதையும் தேடிப் பாருங்கள். காந்தம் உதவுவது அடிப்பக்கத்தைச் சோதிக்கத்தான். அங்கே ஒட்டினால் இன்டக்‌ஷனில் வேலை செய்யும்.

ட்ரை-ப்ளையில் நடுவில் அலுமினியம், இருபுறமும் எவர்சில்வர். அந்த மூன்றடுக்கு விளிம்புவரை இருக்கிறதா என்று கேட்டு வாங்குங்கள். அடியில் மட்டும் தட்டு ஒட்டியதையும் சிலர் இதே பெயரில் விற்கிறார்கள். இன்டக்‌ஷனில் அது ஓரளவு ஓடும். கேஸுக்கு மாறினால் தீ பக்கவாட்டில் ஏறி, மெல்லிய சுவரில் மசாலா வளையமாகக் கருகும்.

எவர்சில்வரில் ஒட்டாமல் சமைக்க, பேன் காய்ந்ததும் ஒரு சொட்டுத் தண்ணீர் விடுங்கள். சீறி ஆவியானால் இன்னும் காயவில்லை. முத்தாக உருண்டு ஓடினால் எண்ணெய் ஊற்றலாம். தக்காளி, புளி எல்லாவற்றுக்கும் இது ஒத்துவரும். ஒரே ஒரு பாத்திரம்தான் வாங்குவேன் என்பவர்களுக்கு இரும்பைவிட இதுதான் பொருத்தம். விலைதான் கூட.

கேள்வி (சேலம்): அம்மாவுக்கு மணிக்கட்டு வலி. கனமில்லாமல், உழைக்கிற மாதிரி ஏதாவது?

பதில்: வார்ப்பிரும்பு வேண்டாம். 25 செ.மீ. அளவே இரண்டு கிலோவைத் தாண்டும். தகட்டிரும்பு அல்லது ஹார்ட் அனோடைஸ்டு அலுமினியம் (மேற்பரப்பை மின்முறையில் கெட்டிப்படுத்தியது) பாருங்கள். இரண்டாவதில் 3 மி.மீ.க்குக் குறையாத கனம், எதிர்ப்பக்கம் இன்னொரு சிறு பிடி, இந்த இரண்டும் இருக்கட்டும். மேலே நான்ஸ்டிக் பூசாததாக வாங்குங்கள், பூசியதும் பூசாததும் ஒரே கறுப்பு நிறம் என்பதால் மாறிப்போகும்.

கேள்வி (ஈரோடு): 'இரண்டு வருட வாரண்டி' போட்ட பேன் நான்கே மாதத்தில் உரிந்துவிட்டது. கடையில் 'விற்ற பொருள் திரும்பப் பெறப்படமாட்டாது' என்று பில்லைக் காட்டுகிறார்கள்.

பதில்: பில்லில் அச்சடித்துவிட்டால் அது சட்டமாகிவிடாது. குறையுள்ள பொருளைத் திரும்பப் பெற்றுப் பணம் தர மறுப்பது நியாயமற்ற வணிக முறை என்று 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் சொல்கிறது. ஆனால் முதலில் வாரண்டி அட்டையைப் படியுங்கள். கம்பிக் கரண்டி, கம்பி நார், அதிகத் தீ இவற்றால் வந்த சேதத்தை ஏற்கமாட்டோம் என்று பெரும்பாலும் பொடி எழுத்தில் இருக்கும். பேனில் நீளக் கோடுகள் இருந்தால் அதையே காட்டிக் கையை விரிப்பார்கள். கோடு எதுவும் இல்லாமல் கொப்புளித்தோ படலமாகவோ பிரிந்திருந்தால் உங்கள் பக்கம் பலமாக இருக்கிறது.

வெளிச்சத்தில் படம் எடுத்து, பில் நகலோடு, பெட்டியில் இருக்கும் நுகர்வோர் சேவை முகவரிக்கு எழுதுங்கள். ஆன்லைனில் வாங்கியிருந்தால் அந்தத் தளத்தின் குறைதீர் அதிகாரிக்கு அனுப்பலாம். 48 மணி நேரத்தில் புகார் கிடைத்தது என்று சொல்லி, ஒரு மாதத்தில் தீர்வு தர வேண்டும் என்பது 2020 மின்வணிக விதி. அசையவில்லையென்றால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண். அதற்கும் மசியவில்லையென்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். 5 லட்சம் ரூபாய் வரையிலான பொருளுக்குக் கட்டணம் கிடையாது, வக்கீலும் கட்டாயமில்லை, இரண்டு ஆண்டுக்குள் போட வேண்டும். ஆயிரம் ரூபாய்ப் பேனுக்காக அவ்வளவு தூரம் போவதா என்பது உங்கள் பொறுமையைப் பொறுத்தது. பல புகார்கள் 1915லேயே முடிந்துவிடும்.

கேள்வி (தஞ்சாவூர்): கண்ணாடி மூடியோடு சேர்த்து வாங்கினால் லாபமா?

பதில்: இல்லை. வறுவலை மூடினால் ஆவி இறங்கி மொறுமொறுப்பு போய்விடும். எப்போதாவது மூட வேண்டியிருந்தால் வீட்டிலிருக்கும் எவர்சில்வர் தட்டு போதும்.