பையை நீங்களே கட்டுங்கள்: முதல் தனிப் பயணம், கேள்வி பதில்

செட்டிநாட்டுப் பக்கமிருந்து முதன்முறையாக, முதுகுப் பையோடு தனியாக வெளிநாடு கிளம்புகிறவர்களின் கேள்விகள் இவை. முக்கால்வாசி மலேசியாவைப் பற்றியவை. திருச்சியிலிருந்து நேரே பறக்கலாம் என்பதால் முதல் பயணத்துக்கு அது நல்ல தேர்வுதான்.

காரைக்குடி: ஆச்சி, எவ்வளவு பெரிய பை வாங்கலாம்?

35 முதல் 40 லிட்டர் போதும். இடுப்புப் பட்டை உள்ளதாகப் பாருங்கள். பாரம் தோளில் தொங்காமல் இடுப்பு எலும்பில் உட்கார வேண்டும். கடையில் வெறும் பையை மாட்டினால் எல்லாமே சுகமாகத்தான் இருக்கும். ஏழெட்டுக் கிலோ உள்ளே வைக்கச் சொல்லி மாட்டிப் பாருங்கள். மலிவுக் கட்டண விமானங்களில் கையோடு எடுத்துப்போகப் பெரும்பாலும் 7 கிலோதான், சின்னக் கைப்பையும் அதற்குள் அடங்க வேண்டும். வீட்டிலேயே எடை போட்டுவிடுங்கள்.

காலணி பழகியதாக இருக்கட்டும். உங்கள் வீட்டில் பழனிக்குப் பாதயாத்திரை போனவர்கள் கட்டாயம் இருப்பார்கள். புதுச் செருப்பில் கிளம்பினால் கால் என்ன ஆகும் என்று அவர்களைக் கேளுங்கள். பையைக் கட்டி முடித்ததும் மாட்டிக்கொண்டு ஒரு காலையில் குன்றக்குடி வரை நடந்து பாருங்கள். எதையெல்லாம் வெளியே எடுக்க வேண்டும் என்று அந்த நடையிலேயே தெரிந்துவிடும்.

கானாடுகாத்தான்: மலேசியாவுக்கு விசா வேண்டுமா?

2023 டிசம்பரிலிருந்து இந்தியப் பாஸ்போர்ட்டுக்கு 30 நாள் வரை விசா வேண்டாம் என்று வைத்திருக்கிறார்கள். இது காலவரையறை உள்ள சலுகை. அதனால் டிக்கெட் போடும் முன் மலேசியக் குடிநுழைவுத் துறையின் தளத்தில் பார்த்துவிடுங்கள். பாஸ்போர்ட் இன்னும் ஆறு மாதமாவது செல்ல வேண்டும். இறங்குவதற்கு முந்தைய மூன்று நாளுக்குள் இணையத்தில் வருகை அட்டை நிரப்ப வேண்டும். அதற்குக் கட்டணமே கிடையாது. பணம் கேட்கிற தளத்தை உடனே மூடிவிடுங்கள்.

பள்ளத்தூர்: பினாங்கில் உள்ள அத்தை வீட்டுக்கு எங்கள் அப்பத்தா மசாலாப் பொடியும் கொப்பரையும் கட்டி வைத்திருக்கிறார்கள். கொண்டுபோகலாமா?

வேண்டாம். கொப்பரையில் எண்ணெய்ப் பசை அதிகம், எளிதில் தீப்பிடிக்கும் என்று விமானத்தில் ஏற்றவே விடமாட்டார்கள். மசாலாதான் இதைவிடப் பெரிய விஷயம். நம் குருமாப் பொடியில் கசகசா இருக்கும். அது அபின் செடியின் விதை. சிங்கப்பூரில் அது தடை செய்யப்பட்ட பொருள். அமீரகத்தில் கசகசாவோடு பிடிபட்டு ஜெயிலுக்குப் போனவர்கள் உண்டு. நமக்கு அது சமையல் சாமான், அங்கே போதைப்பொருள் வழக்கு. மலேசியாவுக்குத்தானே போகிறேன் என்று நினைக்காதீர்கள். போகும்போது சிங்கப்பூர் வழியாக டிக்கெட் மலிவாகக் கிடைத்தால் அதே பையோடுதான் இறங்குவீர்கள்.

கோட்டையூர்: ஆச்சி சும்மா பயமுறுத்துகிறீர்கள். ஐயாக்கள் கொண்டுவிக்க, அதாவது கடல்கடந்து வியாபாரத்துக்குப் போன காலத்திலிருந்து பெட்டி பெட்டியாகக் கொண்டுபோன ஊர் இது. பெரியவர்கள் ஆசையாகக் கொடுப்பதை எப்படி மறுப்பது?

ஐயாக்கள் நாகப்பட்டினத்தில் கப்பலேறி பினாங்கில் இறங்கியபோது, அழைத்துப்போகக் கிட்டங்கியிலிருந்து, அதாவது அங்கே நம்மவர்கள் தங்கித் தொழில் செய்த இடத்திலிருந்து, ஆள் வந்து நிற்கும். வழக்கு வம்பு என்றால் பார்த்துக்கொள்ள நம் ஊர்க்காரர்களே அங்கே இருந்தார்கள். நீங்கள் தனியாகப் போகிறீர்கள். சுங்க அதிகாரி பையைத் திறக்கச் சொல்லும்போது பக்கத்தில் ஒருவரும் இருக்கமாட்டார்கள்.

அடுத்தவர் கட்டிய பொட்டலத்துக்குள் என்ன இருக்கிறது என்று உங்களுக்குத் தெரியாது. ஆனால் உங்கள் பையில் இருந்தால் உங்களுக்குத் தெரியும் என்றுதான் அந்த நாடுகளின் போதைப்பொருள் சட்டம் முதலில் எடுத்துக்கொள்ளும். தெரியாது என்று நிரூபிப்பது உங்கள் பாடு. சிங்கப்பூரில் குறிப்பிட்ட அளவைத் தாண்டினால் மரண தண்டனை வரை போகும். மலேசியா 2023இல் கட்டாய மரண தண்டனையை நீக்கியது, மரண தண்டனையை அடியோடு நீக்கவில்லை. அப்பத்தா தப்பாக எதுவும் வைக்கமாட்டார்கள், சரி. அப்பத்தாவிடம் கொடுத்தனுப்பியது யார்? அவரிடம் கொடுத்தது யார்? இந்தச் சங்கிலியில்தான் பிள்ளைகள் மாட்டிக்கொள்கிறார்கள்.

7 கிலோவுக்கு மேல் ஏற்ற மாட்டார்கள் என்று பெரியவர்களிடம் சொல்லுங்கள். உண்மையும் அதுதான், அவர்கள் மனசும் நோகாது.

கோட்டையூர், மறுபடியும்: முறுக்கு, மணகோலம் கூடவா கூடாது?

வீட்டில் செய்த பலகாரத்தை உங்கள் கையால் டப்பாவில் போட்டுக் கொஞ்சம் எடுத்துப்போங்கள். இறைச்சி, விதை, செடி வேண்டாம். ஊறுகாய் கைப்பையில் போகாது.

தேவகோட்டை: நான் கல்லூரி மாணவி. தனியாகப் போக வீட்டில் விடமாட்டேன் என்கிறார்கள். எங்கே தங்குவது?

பினாங்கின் ஜார்ஜ் டவுனில் தொடங்கலாம். 2008இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்த ஊர். நடந்தே சுற்றலாம், சாப்பாட்டுக்குக் கவலை இல்லை, தமிழ்க் குரல் காதில் விழுந்துகொண்டே இருக்கும். பெண்களுக்கு மட்டுமான படுக்கை அறை உள்ள விடுதிகள் கிடைக்கும். கோலாலம்பூர் சென்ட்ரலிலிருந்து பட்டர்வொர்த் வரை ரயில், அங்கிருந்து படகு. வெளிச்சம் இருக்கும்போதே போய்ச்சேரும்படி நேரம் பாருங்கள். முதல் இரண்டு இரவுக்கு மட்டும் முன்பதிவு செய்யுங்கள்.

வீட்டாரிடம் வாதாட வேண்டாம். விமான எண், விடுதி முகவரி, எந்த நாளில் எந்த ஊர், இரவு எத்தனை மணிக்குப் பேசுவீர்கள் என்று ஒரு தாளில் எழுதி அப்பச்சி கையில் கொடுங்கள். சொன்ன நேரத்தில் தவறாமல் பேசுங்கள். அடுத்த பயணத்துக்கு அனுமதி கேட்கும் வேலையே இருக்காது.

புதுவயல்: ஏடிஎம் கார்டு அங்கே வேலை செய்யுமா?

2020இல் ரிசர்வ் வங்கி கொண்டுவந்த விதிப்படி, வெளிநாட்டுப் பயன்பாட்டை நீங்களே வங்கிச் செயலியில் திறந்துவிட வேண்டும். இதைக் கிளம்பும் முன்பே செய்யுங்கள். ஓடிபி வர நம் ஊர் சிம்முக்கு ரோமிங் வேண்டும். ரூபாயிலா ரிங்கிட்டிலா என்று இயந்திரம் கேட்டால் ரிங்கிட் என்றே அழுத்துங்கள்; ரூபாய் என்றால் மாற்று விலையில் கூடுதலாகப் பிடுங்கிவிடுவார்கள்.

ஆத்தங்குடி: மலேசியாவுக்கு விசா எடுக்க வேண்டுமா?

கானாடுகாத்தான்காரருக்குச் சொல்லியிருக்கிறேன்.

நாச்சியாபுரம்: பவர் பேங்க்?

கைப்பையில் மட்டும். 20,000 எம்ஏஎச் வரை போதும்.

காரைக்குடி: தைப்பூசத்துக்குப் பினாங்கு போகலாமா?

போங்கள். நகரத்தார் வெள்ளி ரதம் ஊரைச் சுற்றித் தண்ணீர்மலை முருகன் கோயிலுக்குப் போகும். அந்த வாரம் விடுதிகள் நிரம்பிவிடும், மாதக்கணக்கில் முன்பே பதியுங்கள். அதே பயணத்தில் கிழக்குக் கரைத் தீவுகளையும் சேர்த்துவிடாதீர்கள், அங்கே அப்போது மழையும் கொந்தளிப்பும்.

கண்டனூர்: ஐரோப்பாவுக்கு விசா எப்படி?

நான் போய்ப் பழகியது தென்கிழக்கு ஆசியா. ஐரோப்பாவுக்கு அந்தந்தத் தூதரகத்தின் தளத்தைப் பாருங்கள்.

பள்ளத்தூர்: ஆச்சி, மசாலாவை எடுத்துவிட்டேன். மாமாவுக்கு மாத்திரை மட்டும் ஒரு கவரில் ஒட்டிக் கொடுத்திருக்கிறார்கள். சின்னக் கவர்தான்.

அதுவும் வேண்டாம். உங்கள் மாத்திரையையே கடையில் வாங்கிய அட்டையோடு, டாக்டர் சீட்டோடுதான் எடுத்துப்போக வேண்டும். மாமா தன் மாத்திரையை அங்கே டாக்டரைப் பார்த்து வாங்கிக்கொள்ளட்டும். கவரை இன்றைக்கே திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.