வயதான முன்னாள் படைவீரர்களுக்குத் தரமான மருத்துவம் கிடைக்க என்ன செய்ய வேண்டும்?

புதிது புதிதாக ஆஸ்பத்திரிகளைச் சேர்ப்பதைவிட அவசரமாக ஒன்று வேண்டும். அந்த முதியவரின் எல்லா நோய்களையும் எல்லா மாத்திரைகளையும் ஒன்றாக வைத்துப் பார்க்கிற ஒரு டாக்டர். அப்பாவைக் கூட்டிக்கொண்டு அலைந்ததில் எனக்குப் புரிந்தது இதுதான். அவர் பீரங்கிப் படையில் ஹவில்தாராக இருந்தவர், எண்பதைத் தாண்டிவிட்டார். நாங்கள் வேலூர்ப் பக்கம். தெருவுக்கு நாலு பட்டாளத்துக்காரர் இருக்கிற ஊர்.

முன்னாள் படைவீரர்களுக்கும் அவர்கள் குடும்பத்துக்குமான மருத்துவத் திட்டம் ஈசிஹெச்எஸ். அதைக் குறை சொல்ல நான் வரவில்லை. 2003 ஏப்ரலில் அது தொடங்குவதற்கு முன்னால், பென்ஷன் வாங்கும் சிப்பாய் பெரும்பாலும் ராணுவ மருத்துவமனையைத்தான் நம்பியிருக்க வேண்டும். இப்போது அந்தத் திட்டத்தின் வெளிநோயாளி மையமான பாலிகிளினிக்கில் ரெஃபரல் (வேறு ஆஸ்பத்திரிக்கு அனுப்பும் சீட்டு) வாங்கிக்கொண்டு போனால், அங்கீகரிக்கப்பட்ட தனியார் ஆஸ்பத்திரியில் கைக்காசு இல்லாமல் இதய ஆபரேஷன்கூட நடக்கிறது. 1996க்கு முன் ஓய்வு பெற்றவர்கள் சந்தாவும் கட்ட வேண்டியதில்லை. இது இல்லையென்றால் எங்கள் ஊரில் பல குடும்பங்கள் நிலத்தை விற்றிருக்கும்.

சிக்கல் எங்கே என்றால், ஒரு ரெஃபரல் ஒரு நோய்க்கு. எண்பது வயதுக்காரருக்கோ ஐந்தாறு நோய்கள். இதய டாக்டர் இதயத்தைப் பார்க்கிறார், சிறுநீர்ப்பாதை டாக்டர் புராஸ்டேட்டைப் பார்க்கிறார். திரும்பி வந்தால் பாலிகிளினிக்கில் மாத்திரை கொடுக்கிறார்கள், கூட்டம் நகர்கிறது. அங்கே டாக்டர்கள் ஒப்பந்தத்தில் வருகிறவர்கள், அடிக்கடி மாறுவார்கள். மொத்தக் கணக்கு யாரிடமும் இல்லை.

அப்பாவுக்கு நடந்தது இது. பாலிகிளினிக்கில் ரத்த அழுத்தத்துக்கு அம்லோடிபின் கொடுத்திருந்தார்கள். இதய டாக்டர் எழுதிய கூட்டு மாத்திரைக்குள்ளும் அதே அம்லோடிபின் இருந்தது, அட்டையில் வேறு பெயர். கால் வீங்கியது. அது அந்த மருந்தின் தெரிந்த பக்கவிளைவு. வீக்கத்துக்கு இன்னொருவர் நீர் பிரியும் மாத்திரை எழுதினார். ராத்திரி நாலு தடவை எழுந்தார். புராஸ்டேட்டுக்கான டாம்சுலோசின் வேறு, எழுந்து நின்றதும் அழுத்தத்தை இறக்கும். பாத்ரூம் வாசலில் விழுந்தார். ஒருவரும் தவறான மருந்து எழுதவில்லை, எல்லாம் சேர்ந்துதான் அவரை விழ வைத்தது. கடைசியில் ஓர் இளம் டாக்டர் மருந்துப் பையை மேசையில் கொட்டச் சொன்னார். படுக்க வைத்து ஒரு தடவை, நிற்க வைத்து ஒரு தடவை பிரஷர் பார்த்தார். (நின்றதும் மேல் அளவு 20க்கு மேல் இறங்கினால் கவனிக்க வேண்டும்.) இரண்டு மாத்திரைகளை நிறுத்தினார். வீக்கம் வடிந்தது.

இதற்கு ஸ்கேன் வேண்டாம், மெஷின் வேண்டாம். கால் மணி நேரம் வேண்டும். எழுபது வயதுக்கு மேற்பட்ட ஒவ்வொரு ஈசிஹெச்எஸ் கார்டுதாரருக்கும் ஆறு மாதத்துக்கு ஒருமுறை இந்தக் கால் மணி நேரத்தைக் கட்டாயமாக்கலாம். நாற்காலியிலிருந்து எழுந்து, மூன்று மீட்டர் நடந்து, திரும்பி வந்து உட்காரச் சொன்னாலே போதும். 12 வினாடி அல்லது அதற்கு மேல் எடுத்தால் விழும் அபாயம் இருக்கிறது என்று அர்த்தம். ஞாபகமறதியை, மனச்சோர்வை நாலு கேள்வியில் தொட்டுப் பார்க்கலாம். மனைவிமார்களையும் சேர்த்துத்தான் சொல்கிறேன். அம்மாவிடமும் அதே கார்டுதான் இருக்கிறது.

அப்புறம் காது. பீரங்கிச் சத்தத்தில் காலம் கழித்தவர்களுக்குக் கேட்கும் திறன் போயிருக்கும். டாக்டர் கேட்பது பாதி புரியாமல் "சரி சார்" என்று தலையாட்டிவிட்டு வந்துவிடுவார்கள், பட்டாளத்துப் பழக்கம். 2021 மே மாதம் சேஹத் என்ற ஆன்லைன் ஆலோசனை வந்தது. நல்ல ஏற்பாடுதான், ஆனால் காது கேட்காதவருக்குப் பக்கத்தில் ஆள் இல்லாமல் அது உதவாது. காது பரிசோதனை முதலில் வர வேண்டும். கருவி வாங்க ஈசிஹெச்எஸ்ஸிலேயே வழி இருக்கிறது, பலருக்குத் தெரியவில்லை.

படுக்கையில் விழுந்தவர்களுக்கு வீட்டுக்கே போக வேண்டும். அமெரிக்காவில் முன்னாள் வீரர் நலத்துறை 1970களிலிருந்தே டாக்டர், நர்ஸ் அடங்கிய குழுவை வீட்டுக்கு அனுப்புகிறது. நமக்கு அறிவு இல்லாமல் இல்லை. இந்தியாவில் முதியோர் மருத்துவத்துக்கு முதன்முதலில் தனிப்பிரிவு தொடங்கியது சென்னை அரசு பொது மருத்துவமனைதான், 1978இல். அந்தப் பயிற்சியைப் பாலிகிளினிக் டாக்டர்களுக்கும் குறுகிய வகுப்பாகவாவது கொடுக்கலாம்.

பில் பணம் மாதக்கணக்கில் நிலுவையில் நின்றால் தனியார் ஆஸ்பத்திரிகள் பட்டாளத்து நோயாளிகளைத் தட்டிக்கழிக்கின்றன. அதை டெல்லிதான் சரிசெய்ய வேண்டும்.

நம் கையில் இருப்பதை நாம் செய்யலாம். மாத்திரை அட்டை எல்லாவற்றையும், நாட்டு மருந்து உட்பட, ஒரே பையில் எடுத்துப் போங்கள். அட்டையில் பெரிதாக இருக்கும் பெயரை விட்டுவிட்டு, சின்ன எழுத்தில் இருக்கும் மருந்தின் பெயரை ஒரு தாளில் எழுதுங்கள். ஒரே பெயர் இரண்டு தடவை வந்தால் டாக்டரிடம் காட்டுங்கள், நீங்களாக நிறுத்த வேண்டாம். மிக வயதானவர்கள் ரெஃபரல் இல்லாமல் ஸ்பெஷலிஸ்டை நேரடியாகப் பார்க்கச் சலுகை இருக்கிறது, வயது வரம்பைப் பாலிகிளினிக்கில் கேளுங்கள். கலெக்டர் ஆபீசில் முன்னாள் படைவீரர் குறைதீர்க்கும் கூட்டம் நடக்கும்போது, அந்தக் கால் மணி நேரப் பரிசோதனையை எழுத்து மூலமாகக் கேளுங்கள். நாங்கள் எங்கள் ஊர்ச் சங்கம் வழியாக மனு தயார் செய்துகொண்டிருக்கிறோம்.