‘லைஃப்டைம்’ என்றால் யாருடைய ஆயுள்?

கே: டிடிபி கடை நடத்துகிறேன். மைக்ரோசாஃப்ட் ஆஃபீஸ் 2019-இன் ‘ஹோம் அண்ட் ஸ்டூடன்ட்’ பதிப்பு வாங்கினேன். கடை வேலைக்குப் பயன்படுத்தலாமா? (ஈரோடு வாசகி)

ப: கூடாது. வணிகத்துக்கு அல்ல என்று உரிமத்திலேயே இருக்கிறது. புடவை வாங்கும்போது முந்தானைவரை பிரித்துப் பார்க்கிறோம். பெட்டியின் மேல் இருக்கும் பெயரைக்கூடப் படிப்பதில்லை. லிப்ரே ஆஃபீஸ் போடுங்கள், கடைக்கும் இலவசம்.

கே: மதர்போர்டு எரிந்துவிட்டது. அந்த விண்டோஸைப் புதிய கம்ப்யூட்டருக்கு மாற்றலாமா? (கரூர் வாசகர்)

ப: கம்ப்யூட்டரோடு சேர்ந்து வந்த ஓஇஎம் உரிமம் என்றால் முடியாது; அந்த இயந்திரத்தோடு அதன் கதை முடிந்தது. தனியாக வாங்கிய ரீடெயில் என்றால், பழையதிலிருந்து நீக்கிவிட்டு மாற்றலாம்.

கே: ‘லைஃப்டைம்’ உரிமம் என்று விற்றார்கள். மூன்றாம் ஆண்டில் புதிய பதிப்புக்குப் பணம் கேட்கிறார்கள். நான் ஏமாந்துவிட்டேனா? (நாகர்கோவில் வாசகர்)

ப: உங்கள் வயிற்றெரிச்சல் எனக்குத் தெரியும். நானும் இப்படித்தான் ஒரு படத்தொகுப்பு மென்பொருள் வாங்கினேன். இரண்டே ஆண்டில் அந்த நிறுவனம், உரிமத்தைச் சரிபார்த்து மென்பொருளை இயங்கவிடும் ஆக்டிவேஷன் சர்வரை மூடியது. கம்ப்யூட்டரை மாற்றியதும் என் ‘ஆயுள்’ தீர்ந்தது. யாருடைய ஆயுள் என்று வாங்கும்போது கேட்கத் தோன்றவில்லை. பெரும்பாலும் அது வாங்கிய பதிப்பைக் காலவரையின்றிப் பயன்படுத்தும் அனுமதி மட்டுமே. அடுத்த பதிப்பு அதில் சேராது.

இதைக் கண்டுபிடிக்க வக்கீல் வேண்டாம். ஆங்கில உரிமத்தில் வாக்கியத்தின் நடுவே ஒரு சொல் பெரிய எழுத்தில் தொடங்கினால், அதற்குத் தனிப் பொருள் வைத்திருக்கிறார்கள். அகராதி அங்கே உதவாது. ‘டெஃபினிஷன்ஸ்’ பகுதியில் ‘சாஃப்ட்வேர்’ என்பதற்கு என்ன பொருள் தந்திருக்கிறார்கள் என்று பாருங்கள். பிறகு ‘டெர்ம்’ (உரிமம் செல்லும் காலம்), ‘அப்டேட்’, ‘அப்கிரேட்’ ஆகிய மூன்றையும் தேடுங்கள். அப்டேட் சின்னத் திருத்தம், அப்கிரேட் புதிய பதிப்பு என்று பிரித்திருந்தால், பணம் கேட்கப்போவது இரண்டாவதற்குத்தான்.

விளம்பரத்தில் ‘எல்லாப் புதிய பதிப்பும் இலவசம்’ என்றிருந்ததா? அந்தப் பக்கத்தைப் படமெடுத்து வைத்திருக்கிறீர்களா? அப்படியானால் விடாதீர்கள். 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் தவறான விளம்பரத்தைத் தனியாகவே குறிப்பிடுகிறது. தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்கு அழைத்துப் புகார் பதியுங்கள்.

கே: யாரும் பயன்படுத்தலாம், மாற்றலாம், பகிரலாம் என்னும் ஜிபிஎல் உரிமத்தில் வரும் மென்பொருளைக் காசுக்கு விற்கிறார்களே, குற்றமில்லையா?

ப: இல்லை. வாங்கியவர் கேட்டும் மூல நிரலை (சோர்ஸ் கோடு) தர மறுத்தால் தவறு.

கே: ‘ஆஸ் இஸ்’ என்று கொட்டை எழுத்தில் போட்டிருக்கிறார்களே, என்ன அர்த்தம்?

ப: உங்கள் கோப்புகள் அழிந்தால் எங்களிடம் வராதீர்கள் என்று அர்த்தம். பேக்கப் எடுத்துவிட்டு நிறுவுங்கள்.